பிரபஞ்சம் ஒரு ஹோலோகிராமா? கேள்வி பதில்

கேள்வி: சார், பிரபஞ்சமே ஹோலோகிராம் என்றால் நாம் எல்லாரும் வெறும் பிம்பமா?

பதில்: இல்லை. ஹோலோகிராம் என்பது இங்கே உவமை மட்டும். ஏடிஎம் கார்டில் மின்னும் வெள்ளி ஸ்டிக்கரைச் சாய்த்துப் பாருங்கள், தட்டைப் படலத்துக்குள் ஆழம் தெரியும். அதுபோல, ஓர் இடத்துக்குள் இருக்கும் தகவல் முழுவதையும் அதைச் சூழ்ந்த பரப்பிலேயே எழுதிவிடலாம் என்கிறார்கள் இயற்பியலாளர்கள். 1993இல் ஹெரார்ட் எட் ஹூஃப்ட் சொன்னார், 1995இல் லெனார்ட் சஸ்கின்ட் விரித்தார். உங்கள் கை கால் எதுவும் பொய்யாகிவிடவில்லை!

கேள்வி: குடோன் பெரிதானால் மூட்டையும் கூடத்தானே கொள்ளும்? அதுபோல தகவலும் கன அளவைத்தானே பொறுத்தது, பரப்பளவு எங்கிருந்து வந்தது?

பதில்: அடுக்க அடுக்க எடை ஏறுகிறது அல்லவா? ஓர் அளவுக்கு மேல் குடோனே கருந்துளையாக ஒடுங்கிவிடும். பிறகு ஒரு மூட்டை சேர்த்தாலும் கருந்துளை பருக்குமே தவிர, பழைய அளவுக்குள் அடங்காது. ஆகவே உச்சவரம்பு கருந்துளையின் எண்ட்ரோபிதான், அதாவது அதற்குள் ஒளிந்திருக்கும் தகவலின் அளவுதான். அது பரப்பளவைப் பொறுத்தது என்று முதலில் சொன்னவர் இயற்பியலாளர் பெக்கன்ஸ்டீன். பரப்பைப் பிளாங்க் நீளம் என்ற மிகமிகச் சிறிய அலகின் வர்க்கத்தால் அளந்தால், எண்ட்ரோபி அதில் கால் பங்கு; இந்தத் துல்லியமான எண் ஹாக்கிங்கின் கணக்கிலிருந்து வந்தது. கருந்துளையின் நிறை இரட்டித்தால் ஆரமும் இரட்டிக்கும். கன அளவு 8 மடங்கு, எண்ட்ரோபி 4 மடங்குதான்.

கேள்வி: எண்ணில் போட்டுக் காட்டுங்கள் அண்ணா.

பதில்: 1 மீட்டர் ஆரமுள்ள கோளம். பரப்பு 12.57 சதுர மீட்டர். பிளாங்க் நீளம் 1.616 × 10⁻³⁵ மீட்டர், அதன் வர்க்கம் 2.61 × 10⁻⁷⁰. இதை 4ஆல் பெருக்கி, அந்தத் தொகையால் பரப்பை வகுத்தால் 1.2 × 10⁷⁰. பிட் கணக்கு (0 அல்லது 1 என்ற தகவல் அலகு) வேண்டுமானால் மேலும் 0.693ஆல் வகுங்கள்: சுமார் 1.7 × 10⁷⁰ பிட். அந்த வரம்பைத் தொட 113 பூமிகளின் நிறையை உள்ளே திணிக்க வேண்டும். பலர் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டால் விடை 4 மடங்கு ஊதிவிடும். பிளாங்க் நீளத்தைக் கணக்கிடும்போது அதிலுள்ள பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுக்க மறந்தால் விடை 6.28 மடங்கு சுருங்கிவிடும்.

கேள்வி: நிரூபித்துவிட்டார்களா?

பதில்: நம் பிரபஞ்சத்துக்கு இல்லை. 1997இல் இயற்பியலாளர் மால்டசேனா காட்டிய உறுதியான உதாரணம் எதிர்மறை வளைவுள்ள, விளிம்பு கொண்ட வெளிக்கானது. நம்முடையதோ வேகமெடுத்து விரிகிறது. எழுதிவைக்க அப்படியொரு விளிம்பு இல்லை. சிக்கலே அங்குதான். சோதனையும் நடந்தது: அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தின் ஹோலோமீட்டர், 40 மீட்டர் கைகள் கொண்ட இரு இன்டர்ஃபெரோமீட்டர்களால் (லேசர் ஒளியால் நுண்ணிய நீள மாற்றத்தை அளக்கும் கருவிகள்) வெளியின் நடுக்கத்தைத் தேடியது. 2015இல் வந்த முடிவு: எதிர்பார்த்த நடுக்கம் இல்லை. அதில் அடிபட்டது, அந்த நடுக்கத்தை முன்கணித்த இயற்பியலாளர் கிரேக் ஹோகனின் குறிப்பிட்ட மாதிரி மட்டுமே.

கேள்வி: ஹோலோகிராமை உடைத்தால் துண்டிலும் முழுப் படம் தெரியுமாம். அண்டத்தில் உள்ளது பிண்டத்தில் என்பதும் இதுதானே ஐயா?

பதில்: கண்ணாடி ஹோலோகிராமில் தெரியும், பார்க்கும் கோணம் மட்டும் குறுகும். இந்தக் கோட்பாட்டில் அப்படி இல்லை. மால்டசேனாவின் வெளியில் விளிம்பை மூன்று சம துண்டாக்கினால், நட்டநடுப் புள்ளியின் தகவலை எந்த ஒரு துண்டும் தனியே தராது. ஏதேனும் இரண்டு சேர்ந்தால் கிடைத்துவிடும்.