சட்டத்தால் பணிச்சோர்வு குறையுமா? ஆள் கணக்கைத் தொட்டால் குறையும்

கேள்வி: மருத்துவர்கள், நர்ஸ்களின் பணிச்சோர்வை மாநில அரசு சட்டம் போட்டுக் குறைக்க முடியுமா? டெல்டா மாவட்டங்களில் அதனால் என்ன மாறும்?

முடியும். மாநில அரசு சட்டம் இயற்றக்கூடிய விஷயங்களை அரசியலமைப்பு சொல்லும் மாநிலப் பட்டியலில், மருத்துவமனைகள் 6-வது இனத்திலேயே இருக்கின்றன. ஆனால் யோகா வகுப்பையும் கவுன்சலிங்கையும் மட்டும் எழுதிவைக்கும் சட்டத்தால் பயனில்லை. சோர்வு டியூட்டி லிஸ்டில்தான் தொடங்குகிறது.

திருவாரூரிலோ கும்பகோணத்திலோ 30 படுக்கை வார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றால் ஷிப்டுக்கு ஐந்து பேர், மூன்று ஷிப்டுக்கு 15. பல இடங்களில் கணக்கு இதோடு நின்றுவிடும். ஷிப்டில் உள்ள ஐந்து இடங்களில் ஒன்றை ஆண்டு முழுக்க நிரப்ப 1,095 ஷிப்டு (365 நாள், தினம் மூன்று) வேண்டும். வார ஆஃப் 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30, அரசு விடுமுறைகள் எல்லாம் போக ஒருவர் வேலைக்கு வரக்கூடியது சுமார் 250 நாள். அப்படியானால் வார்டுக்கு 22 பேர் வேண்டும். மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு 45 சதவீதம் கூடுதல் இடம் சேர்க்கச் சொன்னதும் இதே கணக்குதான். இல்லாத அந்த ஏழு பேரின் வேலை, டபுள் டியூட்டியாகவும் கிடைக்காத லீவாகவும் இருப்பவர்கள் தலையில் விழுகிறது. தமிழக அரசு 2021-ல் மகப்பேறு விடுப்பை 12 மாதமாக்கியது மிக நல்ல முடிவு. மாற்று ஆள் போடாத வார்டில் அதன் பாரத்தையும் சக நர்ஸ்கள்தான் சுமக்கிறார்கள்.

அதனால் எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்ற விகிதத்தோடு இந்தக் கூடுதல் இடங்களும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். அரசாணை போதாது; நிதி இல்லையென்றால் முதலில் கிடப்பில் போவது அதுதான். கலிஃபோர்னியா 1999-ல் சட்டம் இயற்றி 2004 முதல் விகிதத்தை நடைமுறைப்படுத்தியது. அங்கே நர்ஸ் சாப்பிடப் போகும் அரை மணி நேரத்திலும் விகிதம் குறையக் கூடாது.

ஓட்டை விழும் இடங்களும் தெரிந்தவைதான். விகிதத்தைப் படுக்கைக்கு எழுதினால், ஐப்பசி கார்த்திகைக் காய்ச்சல் சீசனில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். இரவு 12 மணி நிலவரப்படி வார்டில் உள்ள நோயாளிகளை எண்ண வேண்டும். தொகுப்பூதிய நர்ஸ்களும் ஹவுஸ் சர்ஜன்களும் 'பணியாளர்' என்ற வரையறைக்குள் வராவிட்டால் சுமை அப்படியே அவர்கள் பக்கம் தள்ளப்படும். கஜா மாதிரி புயல் வந்தால் விலக்கு தேவைதான். ஆனால் அதற்கு முடிவுத் தேதியும், 14 நாளுக்குள் ஈடுசெய் விடுப்பும் எழுதப்பட வேண்டும்.

தனியார் மருத்துவமனைகளுக்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் விதிகளில், பதிவைப் புதுப்பிக்க ஆறு மாத டியூட்டி லிஸ்டும் சம்பளப் பட்டியலும் காட்ட வேண்டும் என்று சேர்த்தாலே போதும். இரண்டையும் ஒப்பிட்டால் பெயரளவு ஊழியர்கள் உடனே தெரிந்துவிடுவார்கள்.