மே மாத வெயிலிலும் கடல் குளிர்வது ஏன், எப்போது செல்லலாம்?

வணக்கம். மே மாதத்தில் வெயில் சுட்டெரித்தும் கடலில் கால் வைக்க முடியாத அளவுக்குத் தண்ணீர் சில்லிட்டது என்றும், ஐரோப்பாவின் அதே கடற்கரை ஊருக்கு வயதான பெற்றோருடன் மீண்டும் எப்போது செல்லலாம் என்றும் கேட்டிருந்தீர்கள்.

நிலத்தைவிட நீர் மெதுவாகவே சூடேறி மெதுவாகவே ஆறும் என்பதால், அப்பகுதிகளில் கடல் நீர் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில்தான் உச்ச வெப்பத்தை எட்டுகிறது. பிப்ரவரி, மார்ச்சில் மிகவும் குளிர்ந்திருக்கும். நீராடுவதே நோக்கமென்றால் செப்டம்பர் முதல் பாதியைத் தேர்ந்தெடுங்கள்; விடுமுறைக் கூட்டமும் பெரும்பாலும் கலைந்திருக்கும். வசந்த கால இறுதியில் கரையை மூடும் மூடுபனியும் இந்தக் குளிர்நீரின் வேலைதான்: வெதுவெதுப்பான ஈரக்காற்று அதன்மேல் வீசும்போது நீராவி துளிகளாகி, துறைமுக விளக்கைக்கூட மறைத்துவிடும், கரையிலிருந்து ஊருக்குள் சற்றே சென்றால் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

கடலைப் பார்ப்பதற்கு மட்டுமென்றால் (என் விருப்பம் அதுவே) குளிர்காலத்திற்கு ஈடில்லை. ஆனால் அப்போது படகுச் சேவைகளும் விடுதிகளும் குறைந்துவிடும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்றம்) உயர்ந்து, புயற்காற்றும் சேர்ந்துகொண்டால் அலைகள் தடுப்புச்சுவரைத் தாண்டி நடைபாதையிலேயே விழும். எனவே ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வடியும் நேரத்தில் பெற்றோரை அழைத்துச் செல்லுங்கள்.