புல் வெட்டுகிற வேலை

கேள்வி: எங்கள் கிளப்பின் கோல்ஃப் மைதானத்தில், வழுவழுவென்று இருந்த கிரீன்களில் (குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிவைத்த இடம்) ஆயிரக்கணக்கில் ஓட்டை போட்டு மணலைக் கொட்டிவிட்டார்கள். பந்து தவளை மாதிரித் தத்துகிறது. உறுப்பினர், விருந்தாளி, வேடிக்கை பார்க்க வந்தவர் என்று எல்லோரும் திட்டுகிறார்கள். கேட்டால், ‘புல்லைப் பார்த்துக்கொள்கிற கிரீன்கீப்பருக்குத் தெரியும், நம்புங்கள்’ என்கிறது கமிட்டி. புல் வெட்டுகிற வேலைக்கு இவ்வளவு அதிகாரமா?
– ஒரு வாசகர், சென்னை-4

பதில்: ‘கோல்ஃப்’ என்று ஆய்தம் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே அச்சிட்ட பாவத்துக்கு எனக்கு ஒரு அஞ்சலட்டை நிச்சயம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பகரத்துக்கு முன்னால் ஆய்தத்தைக் கொண்டுவந்து உட்காரவைப்பது தொல்காப்பியருக்குச் செய்கிற துரோகம் என்று பல வருடமாக என்னை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருக்கிறார். ‘கோல்ப்’ என்று போட்டால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். சரி, இன்றைக்குத் தொல்காப்பியரையே என் பக்கம் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

‘புல் வெட்டுகிற வேலை’ என்று இளக்காரமாகச் சொல்கிறீர்களே, புல் என்றால் என்ன? மரபியலில் அவர் வகுத்த கணக்கு இது: வெளிப்புறம் வயிரம் (கெட்டியான பகுதி) பாய்ந்திருந்தால் புல், உள்ளே வயிரம் பாய்ந்திருந்தால் மரம். அந்தக் கணக்கில் தென்னை புல், மூங்கில் புல், பனையும் புல். தமிழ்நாட்டின் மாநில மரமே, அதாவது பனையே, ஒரு புல்தான்! நுங்கு வெட்டுகிறவரும் உங்கள் பாஷையில் புல் வெட்டுகிறவர். அவரிடம் போய், மரத்தடியில் நின்றுகொண்டு, எந்தக் குலையை எப்படிச் சீவ வேண்டும் என்று யோசனை சொல்லிப் பாருங்கள். மேலிருந்து என்ன விழுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

உங்கள் கிரீனில் இருக்கிற பெர்முடா புல்லும் அந்நியர் இல்லை. அது நம்ம அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துவதும், பூங்கா வாசலில் காலை நடைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜூஸாகக் குடிப்பதும் அதேதான். கிரீனுக்குப் போடுவது பெரும்பாலும் அதை ஓர் ஆப்பிரிக்க உறவுக்காரப் புல்லோடு கலந்து உண்டாக்கிய குட்டை ரகம். ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோம் இல்லையா? கிரீன்கீப்பர் அதில் முதல் பாதியை அனுமதிக்க மாட்டார். தழைக்கப் பார்த்தால் 3 மில்லிமீட்டரில் நறுக்கிவிடுவார். அப்படி நறுக்குப்பட்ட புல் பிழைத்துக் கிடப்பது வேரை நம்பித்தான். நீங்களோ நாலு பேராக அதன் தலைமேல் நின்று, குனிந்து, கண்ணை இடுக்கி, சரிவு பார்க்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் இன்னொரு நாலு பேர். மண் இறுகிவிடுகிறது. பழைய தண்டும் வேரும் மக்காமல் மெத்தை மாதிரி அடியில் சேர்கிறது. தண்ணீரும் இறங்காது, காற்றும் இறங்காது. அதற்குத்தான் சுண்டுவிரல் கனத்துக்கு மண்ணைத் துளைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மணலை நிரப்புகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும். ‘ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்திலா இதைச் செய்வார்கள்’ என்று அடுத்துக் கேட்பீர்கள். அருகு வெயிலில்தான் வேகமாக வளரும், வேகமாக வளரும்போது துளைத்தால்தான் வேகமாக ஆறும்.

தவிர, ஓட்டையைத் தேடிப் போவதுதான் உங்கள் ஆட்டமே. நாலே கால் அங்குல ஓட்டை ஒன்றுக்காக அரை நாள் வெயிலில் நடக்கிறீர்கள். ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைத்தால் கோபம் வருகிறது.

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் விடியற்காலையில் என்னை ஒரு மைதானத்துக்கு இழுத்துப்போனார். ஒருவர் நீளமான மூங்கில் கழியால் கிரீனை இப்படியும் அப்படியும் வருடிக்கொண்டிருந்தார். பனித்துளியை உதறுகிறாராம். ஈரம் தங்கினால் பூஞ்சைக்கு விருந்து. கழி போன வழியெல்லாம் வெள்ளை மாறிப் பச்சை தெரிந்தது. ஆற அமரப் பார்க்கலாம் என்று நான் ஓரடி எடுத்து வைத்தேன். ‘சார், செருப்பு’ என்றார், தலையைத் தூக்காமலே. இறங்கிவிட்டேன். புல்லை அறிந்த அறிவு அது. வள்ளுவர் ஒரு முழு அதிகாரம் ஒதுக்கித் திட்டும் புல்லறிவு வேறு. அது உங்கள் கிளப் வாட்ஸ்அப் குழுவில் இருக்கலாம்.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தோடு அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட். முதலாவதில் அவர்கள் 227 ரன்னில் ஜெயித்தார்கள். இரண்டாவதில் நாம் 317 ரன்னில் ஜெயித்தோம், உடனே பிட்ச் சரியில்லை என்று கடல் தாண்டிப் புலம்பல். அந்தப் பிட்சில்தான் நம்ம அஸ்வின் 8 விக்கெட்டும் எடுத்து 106 ரன்னும் அடித்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவரெல்லாம் பிட்ச் தயாரிக்கிற கியூரேட்டர் ஆகிற ஊர் இது, வெளியூர்க்காரரை மட்டும் சொல்வானேன்.

கிரீன்கீப்பர் தப்பே செய்ய மாட்டாரா? செய்வார். ஆனால் கிரீன் கெட்டால், பந்து இன்னும் வேகமாக உருள வேண்டும், இன்னும் வேகமாக என்று நெருக்கியது யார் என்றும் நான் பார்ப்பேன். அமெரிக்காவில் ஷின்னகாக் ஹில்ஸ் மைதானத்தில் 2004 யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டி நடந்தது. கடைசி நாளில் 7-ஆவது கிரீன் காய்ந்து கண்ணாடியாகிவிட, ஆட்டத்துக்கு நடுவிலேயே தண்ணீர் தெளித்தார்கள். அன்றைக்கு ஒருத்தர்கூட பாருக்கு, அதாவது மைதானத்துக்கென்று வகுத்த அடிக் கணக்குக்கு, கீழே முடிக்கவில்லை. 2018-இல் மறுபடி அதே மைதானம், மறுபடி அதே புகார். பில் மிக்கல்சன் என்கிற ஆட்டக்காரர் உருண்டுகொண்டிருந்த பந்தைத் துரத்திப்போய் இன்னொரு தட்டுத் தட்டி 2 ஸ்ட்ரோக் (அடி) அபராதம் வாங்கினார். போட்டியை நடத்துகிற, மெத்தப் படித்த அமெரிக்க கோல்ஃப் சங்கத்துக்கே இந்தக் கதி. உங்கள் கமிட்டி எம்மாத்திரம்?

வேர் மூச்சுவிட வேண்டும் என்று சொன்னாலே எனக்கு நடைபாதை மரங்கள் ஞாபகம் வந்துவிடும். ஆமாம், மறுபடியும் அதேதான், பக்கத்தைத் திருப்புகிறவர்கள் திருப்பலாம். அடிமரத்தைச் சுற்றிக் கழுத்தை நெரிக்கிற மாதிரி சிமென்ட் பூசுகிறார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு, மிச்சமிருந்ததைச் சுற்றி மறுபடி சிமென்ட் பூசினோம். கிளப்பில் புல்லின் வேருக்கு ஒருவர் துளைபோட்டுக் காற்று விடுகிறார், வெளியே வந்தால் மரத்தின் வேருக்கு அதுகூட இல்லை.

உங்கள் புகாரில் ஒரு நியாயம் உண்டு. துளைபோடும் தேதியை ஒரு மாதம் முன்னாலேயே பலகையில் எழுதியிருக்க வேண்டும். அதைக் கமிட்டியிடம் கேளுங்கள், சத்தமாகவே கேளுங்கள்.

அப்புறம், துளைத்து எடுத்த மண் குச்சிகளை ஓரமாகக் குவித்து வைத்திருப்பார்கள். இரண்டு கை அள்ளிவந்து தொட்டியில் வையுங்கள், உயிருள்ள வேர் இருந்தால் பிடித்துக்கொள்ளும். பிள்ளையார் சதுர்த்திக்கு மாட வீதியில் ஒரு கட்டு அருகம்புல் காசு மிச்சம். ஜூஸ் மட்டும் போட்டுவிடாதீர்கள். மருந்தடித்த புல்.