இன்ஹேலர் பள்ளியில் யார் கையில் இருக்க வேண்டும்?

உங்கள் மகளுக்கு ஆஸ்துமா, இந்த வருடம் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். இன்ஹேலரை அலுவலகத்தில் கொடுத்து வைப்பதா, பையில் வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். பதில்: இரண்டும்.

மூச்சிரைப்பை உடனே தணிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் எப்போதும் அவளிடமே இருக்கட்டும். உயர்நிலைப் பள்ளியில் பாடத்துக்குப் பாடம் அறை மாறுவார்கள். விளையாட்டு நேரத்தில் பை ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். ஓடும்போதுதான் பலருக்கு மூச்சிரைப்பு வரும், அதனால் மைதானத்துக்கும் அதைக் கொண்டுபோகப் பழக்குங்கள். பெயரெழுதிய இன்னொரு இன்ஹேலரும், அதில் மாட்டி மருந்தை எளிதாக உள்ளிழுக்க உதவும் ஸ்பேசர் என்ற குழாயும் அலுவலகத்தில் இருக்கட்டும், ஆனால் பூட்டிய அலமாரியில் வேண்டாம். சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தால் என்ன செய்வது?

மருந்து எவ்வளவு மிச்சம் என்று குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே இருக்கும் வாயு வந்துகொண்டிருக்கும். எண் காட்டும் இன்ஹேலராக வாங்குங்கள். காலாவதி தேதியையும் பாருங்கள்.

அப்புறம், மூச்சிரைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற செயல்திட்டத்தை மருத்துவரிடம் ஒரே பக்கத்தில் எழுதி வாங்கி வகுப்பாசிரியரிடமும் விளையாட்டு ஆசிரியரிடமும் கொடுங்கள். முக்கியமாக ஒன்று சொல்லிவையுங்கள்: மூச்சுத் திணறும் பிள்ளையை ‘அலுவலகத்துக்குப் போ’ என்று தனியாக அனுப்பக் கூடாது, படுக்க வைக்கவும் கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, மருந்து அவளிடம் வர வேண்டும். மருந்து எடுத்தும் தணியவில்லை, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸ். உங்களுக்கு போன் செய்வது அதற்குப் பிறகுதான்.