ஸ்டெப் 2 தேதி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்க ரெசிடென்சி (முதுநிலை மருத்துவப் பயிற்சி) விண்ணப்பம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் முக்கால்வாசி அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2 சி.கே.யை எப்போது எழுதுவது என்பது பற்றித்தான். என்னைப் பற்றி இரண்டு வரி: தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, 2017 மேட்சில் (விண்ணப்பதாரர்களையும் பயிற்சி இடங்களையும் இணைக்கும் முறை) இன்டர்னல் மெடிசினில் சேர்ந்தேன். இப்போது வேலை பார்க்கும் இடத்தில், வரும் விண்ணப்பங்களைப் படிக்கும் குழுவிலும் இருக்கிறேன்.

ஹவுஸ் சர்ஜன், திருநெல்வேலி: அக்கா, ஸ்டெப் 1 பாஸ் ஆகிவிட்டேன். "விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு ஸ்டெப் 2வை நிதானமாக எழுது" என்கிறார் ஒரு சீனியர். செய்யலாமா?

அவர் காலத்தில் அது நல்ல யோசனைதான். அப்போது ஸ்டெப் 1க்கு மதிப்பெண் இருந்தது. அதில் 250 வாங்கியவர்கள் ஸ்டெப் 2வைத் தள்ளிப்போட்டு, கையில் இருக்கும் நல்ல எண்ணோடு விண்ணப்பித்தார்கள். அதில் சறுக்கியவர்கள்தான் ஸ்டெப் 2வை அவசரமாக எழுதிச் சரிக்கட்டப் பார்த்தார்கள். 2022 ஜனவரி 26 முதல் ஸ்டெப் 1 வெறும் பாஸ் அல்லது ஃபெயில். ஆக, உங்கள் விண்ணப்பத்தில் இருக்கப்போகும் ஒரே எண் ஸ்டெப் 2. அது இல்லாமல் வந்தால் பல இடங்களில் மதிப்பெண் வடிகட்டியிலேயே விண்ணப்பம் நின்றுவிடும், யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். சீனியரிடம் அவர் எந்த வருடம் மேட்ச் ஆனார் என்று கேட்டுப் பாருங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: அப்படியானால் கடைசித் தேதி எது?

பின்னாலிருந்து எண்ணுங்கள். எராஸ் என்ற இணைய விண்ணப்பத் தளத்தில் விண்ணப்பங்களைப் பயிற்சி தரும் மருத்துவமனைகள் பார்க்கத் தொடங்குவது செப்டம்பர் கடைசி வாரத்தில். 2025ல் அது செப்டம்பர் 24. தேர்வு எழுதிப் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள், ஒரு புதன்கிழமையில் முடிவு வரும். கணக்குப்படி ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை போகலாம். ஆனால் நான் ஜூலைக்கு மேல் போக வேண்டாம் என்பேன். கோடையில் சில வருடங்களில் முடிவு வழக்கத்தைவிடத் தாமதமாகியிருக்கிறது, அறிவிப்பும் தேர்வுத் தளத்தில் போடுவார்கள்.

நான் இதில் பட்டவள். 2016ல் சி.எஸ். என்று நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் இன்னொரு தேர்வும் இருந்தது, அதை அமெரிக்காவுக்கே வந்துதான் எழுத வேண்டும். விசா, டிக்கெட் என்று அலைந்ததில் சி.கே.யை செப்டம்பருக்குத் தள்ளினேன். மதிப்பெண் அக்டோபரில் வந்தது, நன்றாகவும் வந்தது. ஆனால் அதற்குள் என் தோழிகள் நேர்காணல் தேதிகளை ஒன்றோடொன்று மோதாமல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நவம்பர் பாதி வரை ஒன்றுகூட வரவில்லை.

சேலம், 2024ல் படிப்பு முடித்தவர்: ஜெனரல் சர்ஜரிக்கு முயற்சி செய்கிறேன். ஆகஸ்ட் 20 தேதி எடுத்திருக்கிறேன். கடைசி மூன்று என்.பி.எம்.இ. மாதிரித் தேர்வுகளில் 231, 238, 241. தள்ளிப்போடலாமா?

வந்ததில் கடினமான கேள்வி இதுதான். முதலில் ஒன்று: பாஸ் ஆன தேர்வை மதிப்பெண் கூட்டுவதற்காக மறுபடி எழுத விட மாட்டார்கள். 2025 ஜூலை முதல் பாஸ் மதிப்பெண் 218. நீங்கள் 236 வாங்கினால் 236தான், அடுத்த வருடம் விண்ணப்பித்தாலும் அதே 236 கூடவே வரும். தேதி தவறினால் அந்தப் பருவத்தோடு போகும், எண் தவறினால் எல்லாப் பருவத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். அதனால் நாள்காட்டிக்குப் பயந்து மட்டும் தேர்வறைக்குள் போகாதீர்கள்.

உங்கள் எண்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. அந்த மூன்றையும் எத்தனை வார இடைவெளியில் எழுதினீர்கள்? ஐந்து வாரத்தில் பத்து ஏறியிருந்தால், இன்னும் மூன்று வாரத்தில் கொஞ்சம் ஏறும் என்று நம்ப இடமுண்டு. செப்டம்பர் 10க்கு மாற்றினால் முடிவு அக்டோபர் முதல் பாதியில் வரும். தாமதம்தான், ஆனாலும் கதவு சாத்தப்பட்டிருக்காது. இரண்டு மாதமாக 240ஐச் சுற்றியே நிற்கிறீர்கள் என்றால் தள்ளிப்போட்டுப் பயனில்லை, ஆகஸ்டிலேயே எழுதிவிடுங்கள். மூன்று வாரத்தில் யூவேர்ல்டு கேள்வி வங்கியை இன்னொரு முறை புரட்டுவதால் பெரிதாக எதுவும் மாறாது.

மாற்றுவதென்றால் இன்றே மாற்றுங்கள். நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும். அனுமதிச் சீட்டு மூன்று மாதத்துக்குத்தான், புதுத் தேதி அதற்குள் விழ வேண்டும். விண்ணப்பித்த பிறகு மதிப்பெண் வந்தால் அது தானாகப் போய்ச் சேராது. எராஸுக்குள் போய் மதிப்பெண் பட்டியலை நீங்களே மறுபடி அனுப்ப வேண்டும். இதை மறந்துவிட்டு "ஏன் யாரும் கூப்பிடவில்லை" என்று உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவ மாணவி, டெக்சாஸ்: டெர்மட்டாலஜிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். ஜூலையிலிருந்து அவே ரொட்டேஷன்கள் (வேறு மருத்துவமனைகளில் பயிற்சி). நடுவில் எழுதலாமா, முடித்துவிட்டா?

இரண்டும் வேண்டாம், அதற்கு முன்பே எழுதிவிடுங்கள். மூன்றாம் வருட கிளார்க்‌ஷிப் முடிந்தவுடன் ஒவ்வொரு துறைப் பயிற்சியின் முடிவிலும் வரும் ஷெல்ஃப் தேர்வுகளுக்குப் படித்தது சூடாக இருக்கும். ஐந்து அல்லது ஆறு வாரம் ஒதுக்கி ஜூனில் முடித்துவிடுங்கள். அவே ரொட்டேஷன் என்பது ஒரு மாதம் நீளும் நேர்காணல். இரவெல்லாம் கேள்வி வங்கி போட்டுவிட்டுக் காலையில் கிளினிக்கில் கொட்டாவி விட்டால் அதையும் யாராவது குறித்துக்கொள்வார்கள்.

அதிகம் பேர் யோசிக்காத ஒரு காரணமும் உண்டு. விண்ணப்பத்தோடு சிக்னல்களும் ('உங்கள் இடத்தில் எனக்குத் தனி ஆர்வம்' என்ற அடையாளம்) தர வேண்டும், டெர்மில் அது தங்கம், வெள்ளி என இரண்டு வகை. தங்கம் மூன்றே மூன்று. உங்கள் எண் 262ஆ 244ஆ என்று தெரியாமல் அந்த மூன்றை எங்கே வைப்பீர்கள்?

வேலூர்: கண் மருத்துவத்துக்கும் இதே கணக்குதானா?

இல்லை. ஆப்தல்மாலஜிக்கு எஸ்.எஃப். மேட்ச் என்று தனி வழி, யூராலஜிக்கும் தனி மேட்ச். இரண்டிலும் முடிவு, பொது மேட்ச் முடிவு வரும் மார்ச்சுக்கு முன்பே வந்துவிடும், விண்ணப்ப வேலையும் அதற்கேற்ப முந்தும். ஜூனைத் தாண்டாதீர்கள்.

ஒரு தந்தை, ஈரோடு: டாக்டர், என் மகள் டிசம்பரில் எழுதினாலும் அந்த வருட மேட்சில் கலந்துகொள்ளலாம் என்கிறாள். உண்மையா?

விதிப்படி உண்மை, ஐயா. விருப்பப் பட்டியலைப் பதியும் கடைசி நாள் மார்ச் தொடக்கத்தில் வரும். அதற்குள் இ.சி.எஃப்.எம்.ஜி. (வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு) கேட்கும் தேர்வுகளை எல்லாம் பாஸ் ஆகிவிட்டால் அவர் கலந்துகொள்ளலாம். ஆனால் பட்டியலில் எழுத இடங்கள் வேண்டுமே! நேர்காணலுக்கு அழைத்த இடங்களைத்தான் எழுதிப் பயன், அந்த அழைப்புகளில் பெரும்பகுதி அக்டோபர், நவம்பரில் போய்விடும். 2025 மேட்சில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 58 விழுக்காட்டினருக்குத்தான் இடம் கிடைத்தது. சான்றிதழுக்கு ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வும், பல்கலைக்கழகப் பட்டச் சான்றின் சரிபார்ப்பும் வேண்டும். பட்டச் சான்று எப்போது கைக்கு வரும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். கல்லூரி அலுவலகத்துக்கு நடப்பதை நீங்கள் ஏற்றுக்கொண்டால் மகளுக்குப் படிக்க நேரம் மிஞ்சும்.

பெயரில்லாமல்: டெலிகிராமில் 'ரீகால்ஸ்' (எழுதியவர்கள் நினைவில் வைத்துச் சொல்லும் தேர்வுக் கேள்விகள்) விற்கிறார்கள். வாங்கினால் நேரம் மிச்சமாகுமா?

2024 ஜனவரியில் நேபாளத்தோடு தொடர்புடைய பலரின் மதிப்பெண்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டன. தேர்வுக் கேள்விகள் கசிந்ததுதான் காரணம். வாங்காதீர்கள், அந்தக் குழுவிலிருந்தே வெளியேறிவிடுங்கள்.

கோவை: ஸ்டெப் 3யும் முடித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டுமா?

எச்-1பி வேலை விசா மட்டும்தான் வேண்டும் என்றால் அது தேவை. ஜே-1 பயிற்சி விசாவுக்குத் தேவையில்லை. ஸ்டெப் 3யை அமெரிக்காவில் மட்டும்தான் எழுத முடியும். 2025 செப்டம்பரில் புது எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தபிறகு, ஸ்டெப் 2வைக் கெடுத்துக்கொண்டு இதன் பின்னால் ஓடச் சொல்ல மாட்டேன்.

ஹவுஸ் சர்ஜன், தஞ்சாவூர்: டியூட்டியோடு எப்படி அக்கா படிப்பது?

போஸ்டிங் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு தேதி எடுங்கள். மகப்பேறு போஸ்டிங்கில் படிப்பேன் என்று உங்களையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம், லேபர் வார்டில் உட்காரவே நேரம் கிடைக்காது. சமூக மருத்துவப் போஸ்டிங் மே, ஜூனில் விழுகிறதா பாருங்கள். விழாவிட்டால் யாரிடமாவது மாற்றிக்கொள்ளுங்கள், பதிலுக்கு அவருக்குத் தீபாவளி டியூட்டி பார்த்துக் கொடுங்கள். வாரம் ஒரு நாளாவது காலையிலிருந்து மாலை வரை தொடர்ந்து கேள்வி போட்டுப் பழகுங்கள். தேர்வு ஒரே நாளில் ஒன்பது மணி நேரம், இடைவேளையை நாமே பங்கிட வேண்டும். நான் மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அடுத்த பிளாக்கில் தூக்கத்தோடு மல்லுக்கட்டினேன். நீங்கள் தயிர்சாதமாக, அதுவும் கொஞ்சமாக எடுத்துப் போங்கள்.