31 கழிந்த பிறகு யார் நிற்பது?

கேள்வி: அக்கா, நான் ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி, இது இரண்டாவது. மூத்தவன் பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழிவும் முடிந்து, பத்தியக்கறி வைத்துத் தந்த பெரியம்மா ஊருக்குப் போன பிறகு எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அவன் அழுதாலும் தூக்க மனம் வராது. அவன் நித்திரையானாலும் நான் கூரையைப் பார்த்தபடி கிடப்பேன். செய்வினை என்று மாமி கழிப்புக் கழிப்பித்தா. ஆறேழு மாதத்தில் தானாகச் சரியானது. திரும்ப வருமோ என்று பயம். அவர் கட்டாரில், 31க்கு வர லீவு கேட்டிருக்கிறார். முன்கூட்டியே ஏதும் செய்யலாமா?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: செய்யலாம் தங்கச்சி, இப்பவே தொடங்குங்கள். பிள்ளை பிறந்து மூன்றாம் நாலாம் நாளில் வரும் அழுகை வேறு, அது இரண்டு கிழமைக்குள் போய்விடும். உங்களுக்கு மாதக்கணக்கில் நின்றது பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு போலத்தான் தெரிகிறது. ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வரும் வாய்ப்புக் கூடுதல், சிலருக்குக் கர்ப்பத்திலேயே தொடங்கிவிடும்.

எனக்கு எழுதியதை அப்படியே அடுத்த கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, உங்கள் பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள். பிள்ளை பிறந்து ஒரு மாதமளவில் 10 கேள்வியுள்ள ஒரு தாள் தருவார்கள், 1987இல் எடின்பரோவில் உருவானது, கடந்த 7 நாள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். பத்தாவது கேள்வி, உங்களுக்கு நீங்களே தீங்கு செய்யும் எண்ணம் வந்ததா என்பது. மாமி பக்கத்தில் இருந்தால் அதற்கு யார்தான் உண்மை எழுதுவார்? பிள்ளையை அவவிடம் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு எழுதுங்கள். மருந்து தேவைப்பட்டாலும் பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடியவை இருக்கின்றன. ஆனால் வைத்தியரைக் கேளாமல் இடையில் நிறுத்த வேண்டாம்.

அப்புறம் அந்த லீவு. 31க்கு வீடு நிறையச் சனம் இருக்கும், சமைக்க ஆள் இருக்கும், படம் எடுக்க மட்டும் அவர் எதற்கு? போன முறை பெரியம்மா போன பிறகுதானே தொடங்கியது! அவ பஸ் ஏறும் நாளில் இவர் வந்து இறங்குகிற மாதிரி லீவை மாற்றச் சொல்லுங்கள். இரவில் ஒரு பாலூட்டலோடு பிள்ளையை அவர் வாங்கிக்கொண்டால் நாலைந்து மணித்தியாலமாவது ஒரே மூச்சாக நித்திரை கொள்ளலாம். முதல் மாதத்தில் அதைப் பெரியம்மா செய்யட்டும்.

மாமிக்கும் ஒரு விஷயம் சொல்லிவையுங்கள். நித்திரையே இல்லாமல் உசாராகத் திரிவது, இல்லாத குரல் கேட்பது, பிள்ளையைப் பற்றி விபரீதமாகக் கதைப்பது, இதெல்லாம் அரிது, 1000 பேரில் ஒருவர் இருவருக்குத்தான், பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் வரும். கண்டால் அன்றைக்கே முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், பிள்ளையோடு தனியே விடக்கூடாது. மனம் தாங்காத நேரம் கதைக்க 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, நடுச்சாமத்திலும் எடுக்கலாம். மாமி கழிப்புக் கழிக்கத்தான் வேணும் என்றால் கழிக்கட்டும், சண்டை வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு.