பாட்டு வகுப்பு: கேள்வி பதில்

மொரீஷியஸ் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களும் பெற்றோரும் இந்த மாதம் கேட்டவற்றுக்கான பதில்கள்.

மூன்றாம் கிரேடு பிள்ளைகள் பாட்டை ராகம் பிசகாமல் பாடுகிறார்கள். நடுவிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக் கேட்டால் விழிக்கிறார்கள். என்ன செய்வது? – ஆசிரியை, ரோஸ்ஹில்

அவர்கள் கற்றது ராகத்தைத்தான். வீட்டில் கிரியோலும் (பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழி) பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கேட்டு வளரும் பிள்ளைக்கு, தமிழ் வரியில் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே புரியாது. முதல் நாளே மெட்டோடு கொடுத்துவிட்டால் வரி முழுவதும் ஒரே ஓசையாக மனதில் பதிந்துவிடும். பிறகு அதைப் பிரிப்பது கஷ்டம்.

நான்கு வரி, வரிக்கு மூன்று நான்கு சொல், புதுச் சொல் ஐந்துக்கு மேல் இல்லாத பாட்டாக எடுங்கள். தினம் 10 நிமிடம் போதும். முதல் நாள் பாட்டே வேண்டாம்; படங்களைப் பரப்பி, நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் தொட்டுக்காட்டட்டும். இரண்டாம் நாள் நீங்கள் வரிகளைப் பேசுங்கள். பிள்ளைகள் வாய் திறக்காமல் அபிநயம் மட்டும் செய்யட்டும். பலரும் அவசரத்தில் விட்டுவிடுவது இந்த நாளைத்தான். யாருக்குப் புரிந்தது, யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார் என்பது இதில்தான் தெரியும்.

மூன்றாம் நாள் வரியை வாலிலிருந்து கட்டுங்கள்: ‘பார்’, ‘வருது பார்’, ‘லாரி வருது பார்’, ‘கரும்பு லாரி வருது பார்’. முன்னாலிருந்து சொல்லிக்கொடுத்தால் முதல் சொல் கணீரென்று வரும், கடைசிச் சொல் முணுமுணுப்பாகும். நான்காம் நாள் ஒரு சொல்லை நீங்கள் விழுங்கிவிடுங்கள், அவர்கள் நிரப்பட்டும். மெட்டு அதற்குப் பிறகு. ஐந்தாம் நாள் வரிகளை நான்கு அட்டைகளில் எழுதிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொன்னால் கற்றது எவ்வளவு என்று தெரிந்துவிடும். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் ஒட்டிய அட்டை.

‘கால்’ என்பதைக் ‘கல்’ என்கிறார்கள், ‘எட்டு’ என்பதை ‘எத்து’ என்கிறார்கள். பாட்டால் திருத்த முடியுமா? – ஆசிரியர், திரியோலே

முடியும். கெடுக்கவும் முடியும். கிரியோலில் தமிழைப் போலக் குறில், நெடில் என்ற பிரிவு இல்லை. அதனால் அந்தக் காதுக்குப் படமும் பாடமும் ஒன்றுதான். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. செய்யுளின் நடையே இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்த பிரெஞ்சுப் பாட்டு மெட்டில் தமிழ்ச் சொற்களைப் பொருத்தும் வழக்கம் இங்கேதான் இடிக்கிறது. நீளும் சுரத்தில் ‘மலை’யின் முதல் எழுத்து விழுந்தால் அது ‘மாலை’ ஆகிவிடுகிறது. மெட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் வரியைப் பேசிப் பாருங்கள்; குறிலை இழுக்கும் இடம் இருந்தால் மெட்டைக் கைவிடுங்கள், சொல்லை அல்ல.

பயிற்சிக்கு இப்படி இரண்டு வரி போதும்:

*கல்லின் மேலே கால் வைத்தான்*
*மலையின் மேலே மாலை கண்டான்*

குறிலுக்கு மேசையில் ஒரு தட்டு. நெடிலுக்குக் கையை மேசை மேல் இழுக்க வேண்டும். முதலில் ‘கல்–கால்’, ‘மலை–மாலை’ ஜோடிகளுக்கு மட்டும் செய்யுங்கள். எல்லா எழுத்துக்கும் தட்டச் சொன்னால் கை முந்தி வாய் பிந்தும்.

‘எட்டு’ வேறு சிக்கல். பிரெஞ்சு ‘த’வுக்கு நாக்கு பல்லைத் தொடும், நம் ‘ட’வுக்கு நுனி மேலே மடிய வேண்டும். அதோடு ‘ட்’டில் ஒரு கணம் நிற்கவும் வேண்டும். ‘எட்’ என்றதும் கையை மூடி, ‘டு’ என்றதும் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு திருத்தங்களையும் ஒரே வாரத்தில் வைக்க வேண்டாம். ழகரத்துக்கு இன்னும் பொறுக்கலாம். தமிழ்நாட்டிலேயே பாதிப் பேர் அதற்குத் தகராறு.

பாடப்புத்தகப் பாட்டுகள் தீர்ந்துவிட்டன. நானே எழுதலாமா? – ஆசிரியை, மகேபூர்

தாராளமாக. பிரெஞ்சுப் பாட்டு கேட்டுப் பழகியவர்கள் வரியின் கடைசியில் மட்டும் ஓசை ஒன்றுவதைத் தேடுவார்கள். தமிழில் இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகைதான் பிள்ளைக்கு அதிகம் உதவும். வரியின் தொடக்கத்திலேயே வருவதால் அடுத்த வரியை எடுத்துக்கொடுக்கும்.

*கரும்பு லாரி வருது பார்*
*இரும்புப் பாலம் அதிருது பார்*
*எறும்பு ஒன்று ஏறுது பார்*
*குறும்பு செய்து ஓடுது பார்*

முதல் இரண்டில் ‘ரு’, அடுத்த இரண்டில் ‘று’. எழுதிக் காட்டும்போது இரண்டையும் வேறு வண்ணத்தில் எழுதுங்கள். ஜூன் தொடங்கி ஆண்டின் கடைசி வரை அறுவடை என்பதால் கரும்பைக் கொண்டுவந்தும் காட்டலாம். ‘வருகிறது’ என்றுதான் எழுத வேண்டும் என்று யாராவது கண்டித்தால், உரைநடைக்கு அது, பாட்டுக்கு இது என்று சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் பழக்கலாமா? – தாயார், வாக்வா

கூடாது என்றே சொல்வேன். சாதாரணமாக எழுதும் பிரெஞ்சு எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். குறில் நெடிலும் மறைந்துவிடும். ஆசிரியரிடம் அரை நிமிட வாட்ஸ்அப் குரல்பதிவு கேளுங்கள்: ஒருமுறை பேச்சாக, ஒருமுறை பாட்டாக. நீங்களும் பிள்ளையோடு சேர்ந்து சொல்லலாம். பிள்ளை உங்களைத் திருத்தினால் விட்டுக்கொடுங்கள்.

கூச்சத்தால் சில பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. – ஆசிரியர், போர்ட் லூயி

தனியாக எழுப்பி நிறுத்தாதீர்கள். பாட்டை இரண்டு வரிசையாகப் பிரித்து, ஒரு வரிசை கேட்க மற்றது பதில் சொல்லட்டும். இந்தத் தீவுப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல: கிரியோல் விடுகதையில் ஒருவர் ‘சிராந்தான்’ என்றால் எல்லோரும் ‘சாம்பெக்’ என்பார்கள். அந்த அழைப்பை அப்படியே வைத்து விடுகதையைத் தமிழில் போடுங்கள்: ‘உடம்பெல்லாம் கணு, உள்ளெல்லாம் இனிப்பு, அது என்ன?’ சாம்பெக் சொல்லக் கூசும் பிள்ளை குறைவு. அந்த வேகத்திலேயே ‘கரும்பு’ என்று கத்திவிடும். தவறாகச் சொன்னாலும் வரியை நடுவில் நிறுத்த வேண்டாம், முடிந்தபின் நீங்கள் ஒருமுறை சரியாகச் சொன்னால் போதும்.